அம்மாவின் தோள் வலிக்கும் கால் வீக்கத்துக்கும் எண்ணெய் மசாஜ் செய்யலாமா?

மயிலை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 63 வயதாகிறது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதால் காலையில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் நாள் தவறாமல் சாப்பிட்டு வருகிறார்.

சில மாதங்களாக அவருடைய இடது தோள்பட்டை இறுகிக்கொண்டே வருகிறது. கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. முதுகுப் பக்கம் கை போவதே இல்லை. இரவில் அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இதற்கிடையில் அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுப் போன வாரம்தான் சென்னை திரும்பினார். விமானத்தில் காலை மடக்கியே உட்கார்ந்து வந்ததாலோ என்னவோ, இடது கெண்டைக்கால் கனத்துக் கிடக்கிறது, அழுத்தினால் வலிக்கிறது என்கிறார். பார்ப்பதற்கும் சற்று வீங்கினாற்போல் இருக்கிறது.

எங்கள் தெருப் பக்கத்தில், பிள்ளை பெற்ற பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வீட்டுக்கே வந்து எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் அம்மா ஒருவர் இருக்கிறார். நல்ல கைப்பழக்கம் உள்ளவர், பேச்சிலும் கனிவானவர். ஒரு மண்டலம் தோளையும் காலையும் உருவிவிட்டால் எல்லாம் இளகிவிடும் என்கிறார். அம்மாவுக்கும் அவரிடம் நம்பிக்கை இருக்கிறது. நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறோம்.

மசாஜ் உண்மையில் உடம்புக்குள் என்ன செய்கிறது, அம்மாவைப் போன்ற ஒருவருக்கு எந்த முறை பொருந்தும், பிசியோதெரபி, சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்துவிடும் முறையான தொக்கணம், வீட்டு எண்ணெய்த் தேய்ப்பு ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கே.கே.நகர் பிசியோ

சகோதரி, தோளைப் பற்றிப் பிறகு பேசலாம். நாளங்களில் ரத்தம் ஓடுவதைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து மருத்துவர் பார்க்கும் வரை அந்த இடது கெண்டைக்காலில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். மேலோட்டமாக எண்ணெய் தடவி நீவுவதும் வேண்டாம். நாளைக் காலை வரச் சொன்னவரை இன்றே அழைத்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவை இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நீண்ட விமானப் பயணம் முடிந்த சில நாட்களில் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றினால், காலின் ஆழ்சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும் வேலை நின்றுபோகிறது. தேங்கிய ரத்தம் உறைகிறது. நலமாக இருப்பவர்களிடம்கூட, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த அபாயத்தை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்லியது. அவ்வளவு நீண்ட விமானப் பயணம் செய்பவர்களில் சுமார் 6000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது என்பதும் அதில் வந்த கணக்குதான். ஆகவே பதற வேண்டாம். பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒருவர் உங்கள் அம்மாவாக இருந்து, உறைந்த கட்டியின் மேல் ஒருவர் அழுத்தி உருவினால், அது பிய்ந்து ரத்த ஓட்டத்தோடு நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். அது உயிரைப் பறிக்கும் நிலை.

அம்மாதான் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரே என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுத்து இதயத் தமனிகளைக் காப்பவை. சிரையில் ரத்தம் உறைவதற்கு எதிராக அவற்றை நம்பி இருக்க முடியாது.

மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் தையல் டேப் ஒன்றை எடுத்து இரண்டு கால்களையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, முன் எலும்பில் ஒரு சிறு மேடு கையில் தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. இறங்கி, அந்த இடத்தில் காலைச் சுற்றி அளக்க வேண்டும். டேப் தோலைத் தொட வேண்டுமே தவிர இறுக்கக் கூடாது. இரண்டு கால்களுக்கும் இடையே 3 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் மருத்துவர்கள் அதை முக்கியமான அடையாளமாகக் கருதுவார்கள். அதைவிடக் குறைவாக இருக்கிறது என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. இடையில் மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, இருமலில் ரத்தம் தெரிந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கு இடது தோளில் வலி என்றால், அது தோளின் வலிதானா, இதயத்தின் வலியா என்று பிரித்தறிந்த பிறகே தோளில் கை வைக்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது வலி வந்து, நின்று இளைப்பாறினால் குறைகிறதா? வியர்வையோ தாடை வலியோ சேர்ந்து வருகிறதா? அப்படியானால் அது என் துறையே இல்லை, இதய மருத்துவரிடம் செல்ல வேண்டும். கையை அசைக்கும்போது மட்டும் வலித்து, இன்னொருவர் பிடித்துத் தூக்கினாலும் தோள் ஓரளவுக்கு மேல் போகாமல் நின்றுவிடுகிறது என்றால் அது இறுகிய தோளாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளிடம் அதை அடிக்கடி பார்க்கிறோம்.

வடபழனி பெரியவர்

பிசியோ நண்பர் காலைப் பற்றிச் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மரபாக வந்த எண்ணெய்த் தேய்ப்பை ஆபத்து என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு எழுபது கடந்துவிட்டது. சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் காய்ச்சித் தலை முதல் கால் வரை தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிக்கும் வழக்கத்தை இன்றும் விடவில்லை. முடி வெட்டிக்கொள்ளும் அன்று சலூனில் தலையைப் பிடித்துவிட்டு, கடைசியில் கழுத்தை இரு பக்கமும் திருப்பிச் சொடுக்கு எடுத்துவிடுவார்கள். அதற்குப் பின் வரும் சுகமே தனி. நம் பாட்டிமார்கள் டாப்ளரா எடுத்தார்கள்? குழந்தைக்குக் கால் பிடித்து, பிள்ளை பெற்றவளுக்கு இடுப்புப் பிடித்து, எல்லாரையும் நடமாட வைத்தவர்கள் அவர்கள்தானே. மகளே, அந்த அம்மாவின் கையை நம்பலாம் என்பதே என் கருத்து.

தாம்பரம் சித்த மருத்துவர்

பெரியவர் ஐயாவுக்கு வணக்கம். எண்ணெய் முழுக்கைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அதை விடாமல் தொடருங்கள். குளியலறைத் தரையில் எண்ணெய் வழுக்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சலூனில் எடுக்கும் கழுத்துச் சொடுக்கை உங்கள் மகனைப் போல் உரிமை எடுத்துக்கொண்டு கேட்கிறேன், அடுத்த முறை முதல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்தெலும்புகளில் உள்ள துளைகளின் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டு செல்லும் இரண்டு தமனிகள் ஏறுகின்றன. கழுத்தைச் சட்டென்று வெட்டித் திருப்பும்போது அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதத்தில் முடிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதாக நிகழ்வதுதான் என்றாலும், வயதில் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கும் நிலையில் அந்தச் சில நொடிச் சுகத்துக்காக அதை ஏற்க வேண்டிய தேவை இல்லை. தலையையும் தோளையும் பிடித்துவிடச் சொல்லுங்கள்; கழுத்தைத் திருப்புவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மயிலைச் சகோதரி தொக்கணம் பற்றிக் கேட்டிருந்தார். சித்த மருத்துவத்தில் சொல்லப்படும் 32 வகைப் புற மருத்துவங்களுள் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். ஒன்பதையும் எல்லாருக்கும் செய்வதில்லை. நோயாளியின் வயது, உடல் வன்மை, நோய் நிற்கும் இடம் ஆகியவற்றைப் பார்த்து, எந்த வகையை எவ்வளவு அழுத்தத்தில் எத்தனை நாள் செய்வது என்று மருத்துவர் முடிவு செய்து எழுதிக் கொடுப்பதுதான் முறை. தோள் இறுகும் நோயைச் சித்தத்தில் கும்பவாதம் என்கிறோம். அதற்கு உள்மருந்தும் உண்டு, தைலம் தேய்த்துச் செய்யும் தொக்கணமும் உண்டு, வர்மப் புள்ளிகள் எனப்படும் குறிப்பிட்ட உடல் இடங்களை விரலால் தூண்டுதலும் உண்டு. வர்மத்தில் விரல் அழுத்தத்தையே கால் மாத்திரை, அரை மாத்திரை என்று அளவிட்டுச் சொல்கிறோம் (இங்கே மாத்திரை என்பது மருந்தல்ல, அழுத்தத்தின் அளவு). மிகுந்த அழுத்தம் கேடு செய்யும் என்பது அதைக் கற்பவருக்கு முதலில் சொல்லப்படும் பாடம். ஆகவே எங்களிடம் வந்தாலும் பிசியோ நண்பர் கேட்ட கேள்விகளைத்தான் முதலில் கேட்போம். காய்ச்சல் இருக்கும்போதும், வயிறு நிறைய உண்டவுடனும், தோலில் புண்ணோ படையோ இருக்கும் இடத்திலும், எலும்பு முறிந்த இடத்திலும், காரணம் தெரியாத வீக்கத்திலும் நாங்கள் தொக்கணம் செய்வதில்லை.

சென்னையில் இதற்காக அலைய வேண்டியதில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும் இருக்கின்றன. தனியாரிடம் செல்வதானால் சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். படித்துச் சித்த மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுவிட்டுச் செல்லுங்கள். எந்த நல்ல மருத்துவரும் அந்தக் கேள்விக்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மயிலை மகள்

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலையே அம்மாவை அழைத்துச் சென்றேன். அளந்து பார்த்தபோது இடது கால் இரண்டு செ.மீ. அதிகமாக இருந்தது. டாப்ளரில் ரத்தம் எங்கும் உறைந்திருக்கவில்லை. மூட்டுத் தேய்மானத்தால் முழங்காலின் பின்புறம் நீர்க்கட்டி உருவாகி, அதிலிருந்த நீர் கெண்டைக்காலுக்குள் இறங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். வீக்கம் கூடினால் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவரை காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுத்தால் போதும், அங்கே அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்றார்.

ஈசிஜியும் பார்த்துவிட்டார்கள், இதயத்தில் புதிதாக எந்தக் குறையும் இல்லை. படி ஏறும்போது தோள் வலிப்பதில்லை என்று அம்மாவும் தெளிவாகச் சொன்னார். இறுகிய தோள்தான், இரண்டாம் கட்டத்துக்கு வந்திருக்கிறது, பிசியோதெரபிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.9 சதவீதம் என்று வந்திருக்கிறது. அதையும் குறைக்கச் சொன்னார்கள்.

இனித் தோளுக்கு மசாஜ் செய்யலாமா? இன்னொரு செய்தியும் நேற்றுத்தான் தெரிய வந்தது. அதே அம்மா என் சித்திக்கும் வாரந்தோறும் கை பிடித்துவிடுகிறார். சித்திக்கு மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நடந்து, அந்தப் பக்கத்துக் கை முழுவதும் வீங்கியே இருக்கிறது. அதில் தவறு ஒன்றும் இல்லையே?

கே.கே.நகர் பிசியோ

கால் செய்தி மனத்துக்கு நிம்மதியாக இருக்கிறது. சித்தியின் கையைப் பற்றி, அதை அனுபவித்து அறிந்த ஒருவர் இந்தக் களத்தில் இருக்கிறார், அவர் எழுதட்டும். நான் தோளுக்கு வருகிறேன்.

இறுகிய தோளில் நோய் இருக்குமிடம் மூட்டைச் சுற்றியுள்ள உறை. அது தடித்துச் சுருங்கிவிடுகிறது. மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அந்த உறையை விரலால் இளக்கிவிட முடியாது. ஆகவே மசாஜ் மட்டுமே செய்து தோளைத் திறந்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அப்படியானால் மசாஜ் எதற்கு? வலிக்கும் தோளைக் காப்பதற்காகக் கழுத்திலிருந்து தோள் வரை உள்ள தசையும், மார்புத் தசையும், தோள்பட்டை எலும்பைச் சுற்றிய தசைகளும் மாதக்கணக்கில் விறைத்தே இருக்கின்றன. அம்மா படும் வலியில் கணிசமான பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அந்த விறைப்பைத் தளர்த்தினால், அதைத் தொடர்ந்து செய்யும் பயிற்சியை அவரால் தாங்க முடியும். எங்கள் கிளினிக்கில் மசாஜுக்கு இருக்கும் இடம் அதுதான்: பயிற்சிக்கு முன் 10 அல்லது 15 நிமிடம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தோலையும் தசையையும் தொட்டு அழுத்தும்போது எழும் உணர்வு, தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965இல் முன்வைத்த வாயிற்கதவுக் கோட்பாடு இதைத்தான் விளக்கியது. இடித்துக்கொண்ட இடத்தை நாமே அனிச்சையாகத் தேய்த்துவிடுவதும் இதனால்தான். மெதுவான வருடலுக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் கை நகரும்போது அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. அவசரமாகத் தேய்க்கும் கையில் கிடைக்காத அமைதி நிதானமான கையில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தோலின் ரத்த ஓட்டம் சற்று நேரம் கூடுகிறது, மனப் பதற்றம் தணிகிறது, தூக்கம் கொஞ்சம் சீராகிறது.

சொல்லப்படும் பல நன்மைகளுக்கு அடிப்படை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றுகிறது என்பார்கள். உடற்பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்பே அதைப் பெரும்பாலும் அகற்றிவிடுகிறது, அதற்கு யாருடைய கையும் தேவையில்லை. நச்சு நீக்கம் என்பதும் அப்படித்தான். கீழ்முதுகு வலிக்கான மசாஜ் ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2015இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, சிகிச்சை முடிந்த காலத்தில் வலி ஓரளவு குறைகிறது என்றும், அந்த நன்மை நீண்ட நாள் நீடிப்பதாகத் தெரியவில்லை என்றும், ஆய்வுகளின் தரமே குறைவு என்றும் கூறியது. இதைச் சொல்வதால் என் தொழிலுக்கு எந்தக் குறைவும் இல்லை. எங்கே உதவும் என்று தெரிந்தவர்தான் அங்கே முழு மனத்தோடு கையை வைக்க முடியும்.

முறைகளுக்கு வருவோம். நீவுதல், பிசைதல், அழுத்தித் தேய்த்தல், தட்டுதல், அதிரவைத்தல் என்று நாங்கள் ஐந்து வகைகளைப் படிக்கிறோம். இப்படி வகைப்படுத்துவதை 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெஸ்கர் ஒழுங்குபடுத்தினார். உங்கள் அம்மாவுக்கு இவற்றில் முதல் இரண்டு போதும். அவரைச் சாய்வாக உட்கார வைத்து, இடது கைக்கு அடியில் தலையணை கொடுத்து, தோள் தளர்ந்து தொங்கிவிடாமல் தாங்கியபடி, முழங்கையிலிருந்து தோள் நோக்கி உள்ளங்கை முழுவதும் படிய நீவ வேண்டும். பிறகு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற நான்கு விரல்களுக்கும் இடையில் எடுத்து, மெல்ல அழுத்தித் தூக்கி விட வேண்டும், கிள்ளக் கூடாது. வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று அவரையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாலுக்கு மேல் சொன்னால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். முகம் சுளித்தாலோ மூச்சை அடக்கிப் பிடித்தாலோ அவர் சொல்வதற்குக் காத்திராமல் நிறுத்திவிட வேண்டும். வலித்தால்தான் குணமாகும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. தோள் விஷயத்தில் அது நேர் எதிர். ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் கையை வெடுக்கென்று தூக்கிவிட்டால், அழற்சி கிளம்பி முன்பைவிட இறுகும். எலும்பு வலுவிழந்த வயதில் முறிந்தும் போகலாம்.

விரல் நுனியை ஒரே இடத்தில் ஊன்றித் தசைநார்க்குக் குறுக்கே ஆழமாகத் தேய்க்கும் முறை, ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரால் பரவியது. அதை உங்கள் அம்மாவுக்கு நான் செய்ய மாட்டேன். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுபவருக்குத் தோலடியில் எளிதில் ரத்தம் கட்டும். மறுநாள் நீலம் பாய்ந்திருந்தால் அழுத்தம் அதிகம் என்றே பொருள். கழுத்தின் முன்பக்கம், அக்குள், முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் நாளங்களும் நரம்புகளும் தோலுக்கு மிக அருகே ஓடுவதால் அங்கே அழுத்தவே கூடாது. இன்சுலின் ஊசி போட்ட இடத்தை அப்போதே தேய்த்தால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். ஆகையால் காலையில் ஊசி போட்டு, சாப்பிட்டு, சற்று நேரம் கழித்தே மசாஜ். முடிந்ததும் உடனே எழுப்பி நிறுத்தாமல், கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பிறகு எழச் சொல்லுங்கள், தலை சுற்றலாம்.

சூடான ஒத்தடம் கொடுப்பதற்கு முன் அந்த இடத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நாங்கள் செய்வது இதுதான்: கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தோலைத் தொட்டு, தொட்டது எங்கே என்று கேட்போம். சர்க்கரையால் நரம்பு மரத்தவருக்குச் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் மற்றவர் கண்ணில் படும். தோளில் உணர்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பாதத்துக்கு மட்டும் வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம். தைலத்தைச் சூடு செய்தால் பிடித்துவிடுபவர் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டே தடவ வேண்டும்.

மசாஜ் முடிந்த கையோடு பயிற்சி. வலது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல் ஆட்டுவது ஒன்று. இரண்டு கைகளாலும் ஒரு குச்சியைப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தபடி வலது கையால் இடது கையை வெளிப்பக்கம் தள்ளுவது இன்னொன்று. சுவரில் விரல்களால் ஏறுவது மூன்றாவது. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். இந்த நோய் தணிய ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம் என்பதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு மண்டலத்தில் சரியாகும் என்று எதிர்பார்த்துத் தொடங்குபவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

அண்ணாநகர் அக்கா

மயிலைத் தங்கைக்கு, சித்தியின் கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எனக்கும் மார்பக அறுவையில், திசுக்களில் கசியும் நீரான நிணநீர் வடியும் வழியில் உள்ள அக்குள் முடிச்சுகளை எடுத்தார்கள். கையிலும் வீக்கம் வந்தது. தயவுசெய்து அந்த எண்ணெய்த் தேய்ப்பை நிறுத்தச் சொல்லுங்கள். கையிலிருந்து நிணநீர் வடியும் வழி அக்குளில் பாதி அடைபட்டிருக்கும் நிலையில், அழுத்தி உருவினால் ரத்த ஓட்டம் கூடி, இன்னும் அதிக நீர்தான் திசுவுக்குள் வந்து சேரும். தோலில் சிறு கீறல் விழுந்தாலும் கிருமி நுழைந்து கை முழுவதும் சிவந்து காய்ச்சல் வந்துவிடும். அப்படிச் சிவப்பும் சூடும் தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதற்கென்றே நிணநீர் வடிகால் மசாஜ் என்று தனி முறை இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்திரிட் வோடர் தம்பதியர் 1930களில் உருவாக்கியது. எனக்குச் சிகிச்சையளித்தவர் முதல் நாள் வீங்கிய கையைத் தொடவே இல்லை. கழுத்தின் அடியிலும், நோயில்லாத பக்கத்து அக்குளிலும், மார்பின் குறுக்கிலும் தொடங்கினார். முதலில் வழியைத் திறந்துவிட்ட பிறகுதான் கைக்கு வர வேண்டும் என்றார். எண்ணெய் கிடையாது. விரல்கள் தோலை மட்டும் இழுத்து நகர்த்தி, அது தானாகத் திரும்பும்படி விடும். தோல் சிவக்கவே கூடாது. இவ்வளவு இலேசாகத் தொட்டால் என்ன ஆகிவிடும் என்று நானே நினைத்தேன். ஆனால் அதற்குப் பின் விரலிலிருந்து மேல்நோக்கிப் பல அடுக்காகக் கட்டு கட்டி, கட்டோடு பயிற்சி செய்து, தோல் வறளாமல் பார்த்துக்கொண்டு, பிறகு அழுத்த உறை போட்டு வந்ததில் மோதிர விரலில் சுருக்கம் மறுபடி தெரியத் தொடங்கியது. மசாஜ் மட்டும் செய்து கட்டை விட்டுவிட்டால் பயன் நிற்காது.

புற்றுநோய் வந்தவரை யாரும் தொடவே கூடாது, தொட்டால் நோய் பரவும் என்றும் சிலர் அச்சுறுத்துகிறார்கள். அதுவும் சரியல்ல. கட்டி இருக்கும் இடத்திலும் கதிர்வீச்சுப் பட்ட தோலிலும் அழுத்தாமல், முதுகையோ பாதத்தையோ மென்மையாகப் பிடித்துவிடுவது எவ்வளவு ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். சித்தி எந்த மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டாரோ அங்கேயே நிணநீர் வீக்கத்துக்கான பிசியோதெரபி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

மயிலை மகள்

அக்கா, சித்தியிடம் இன்றே பேசிவிட்டேன். வாரக் கடைசியில் அவரை அழைத்துச் செல்கிறேன். அம்மாவுக்கு பிசியோதெரபி தொடங்கியாகிவிட்டது.

அந்த எண்ணெய் தேய்க்கும் அம்மாவை நேரில் பார்த்து, இங்கே எழுதியதை எல்லாம் பொறுமையாகப் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவே இல்லை. இத்தனை வருஷத்தில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லையே அம்மா, மற்ற வீடுகளில் நான் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல், மனப்பாடம் செய்துகொள்கிறேன் என்றார். பிசியோ ஐயா, அவருக்குச் சொல்லக்கூடிய விதத்தில் எழுதித் தர முடியுமா?

கே.கே.நகர் பிசியோ

அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, அண்மையில் விழுந்தீர்களா, அறுவை நடந்ததா, நெடுந்தூரம் பயணம் செய்தீர்களா, பல நாள் படுக்கையில் இருந்தீர்களா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கை கால் மரத்துப் போகிறதா, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்ததுண்டா, முதுகு வலியோடு சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழந்ததுண்டா. பிள்ளை பெற்ற பெண்களிடம் கெண்டைக்காலை இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்காமல் தொடவே வேண்டாம், பிரசவத்துக்குப் பின் சில வாரங்கள் ரத்தம் உறையும் அபாயம் கூடுதலாக இருக்கும். சிசேரியன் ஆன வயிற்றிலும் கை வைக்க வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டி, வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடட்டும். தேய்க்கும் இடம் தவிர மற்ற உடம்பைத் துணியால் மூடி வைக்கட்டும்.

மாத்திரையும் மரத்துப்போதலும் மட்டும் என்றால் அழுத்தத்தைக் குறைத்துச் செய்யலாம். மற்ற எதற்காவது ஆம் என்று பதில் வந்தால், மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அன்றைக்குத் திரும்பிவிட வேண்டும். இதில் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கை வைக்காமல் திரும்பும் நாளுக்கும் அவருடைய கூலியை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். உங்கள் தெருவில் அவரை அழைக்கும் மற்ற வீடுகளிலும் இதைச் சொல்லி வையுங்கள். கூலி போய்விடும் என்றால் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.